மதீனத்துஸ் ஸலாமில் அயலூர் மாணவர்கள்

கல்வி தேடிப் பயணம் மேற்கொள்ளும் ‘ரிஹ்லா’ என்னும் வழக்கம் இஸ்லாமிய நாகரிகத்தின் தனிச்சிறப்புகளுள் ஒன்றெனப் பலரும் எழுதியுள்ளனர். அவ்வாறு எழுதப்பட்ட வரலாறுகளில் ஆசிரியர்களின் பெயர்களும், மதரஸாக்களின் சிறப்பும், ஓதப்பட்ட நூல்களின் பட்டியலும் நிறையவே உண்டு. ஆனால் சென்ற மாணவன் அந்நகரில் எதை உண்டான், வீட்டிலிருந்து கடிதம் வந்தபோது என்ன செய்தான், ஓதி முடித்தபின் ஊர் திரும்பினானா, திரும்பியவனை ஊர் எவ்வாறு ஏற்றது என்பன அரிதாகவே காணக் கிடைக்கின்றன. ஹிஜ்ரி 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாக்தாதில் ஓதிய சிலரைப் பொறுத்தமட்டில் அத்தகைய செய்திகள் நல்வாய்ப்பாகத் தப்பிப் பிழைத்துள்ளன. அவற்றுள் பலவற்றுக்கு நாம் கடப்பாடு உடையவர்களாக இருப்பது அந்தலூசியாவின் இஷ்பீலியா (இன்றைய செவில்) நகரிலிருந்து அங்குச் சென்ற காழி அபூபக்ர் இப்னுல் அரபி அவர்களுக்கே. இவரை, இவருக்குப் பின் வந்த முர்சியா நகரத்து ஸூபி ஞானி முஹ்யித்தீன் இப்னு அரபியுடன் (மறைவு 1240) குழப்பிக்கொள்ளும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. இவர் வேறு, மாலிகி மத்ஹபைச் சார்ந்த சட்ட அறிஞர்.

இப்னுல் அரபி தமது ‘அஹ்காமுல் குர்ஆன்’ என்னும் நூலில், சத்தியம் செய்தல் பற்றிய சட்டங்களை விளக்கும்போது, அபுல் ஃபழ்ல் அல்மராகி என்பவரின் செய்தியை இடையில் புகுத்துகிறார். மராகா, இன்றைய ஈரானின் வடமேற்கில் உள்ள ஊர். அங்கிருந்து பாக்தாதுக்கு ஓத வந்த இம்மாணவருக்கு ஊரிலிருந்து கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. அவர் ஒன்றையேனும் பிரிக்கவில்லை. மனத்தைக் கலக்கும் செய்தி எதுவும் இருந்துவிட்டால் கல்வி தடைப்படும் என அஞ்சி, வந்தவற்றையெல்லாம் அப்படியே ஒரு பெட்டியில் போட்டு வைத்தார். ஐந்து ஆண்டுகள் கழிந்தன. தாம் நாடி வந்த கல்வி நிறைவுற்றது எனக் கருதிப் பயணத்துக்கு ஆயத்தமானபோதுதான் பெட்டியைத் திறந்தார். அவற்றுள் ஒன்றை வந்த நாளிலேயே படித்திருந்தாலும் ஓர் எழுத்தைக்கூடத் தம்மால் கற்றிருக்க முடியாது என்பதை அப்போது உணர்ந்தார். அக்கடிதங்களில் என்ன இருந்தது என்பதை இப்னுல் அரபி கூறவில்லை. பெற்றோரின் மறைவோ, சொத்து இழப்போ, எதுவாகவும் இருக்கலாம். ஐந்து ஆண்டுகளின் துயரத்தை ஒரே அமர்வில் படித்து முடித்த மனிதரைக் கற்பனை செய்வது நமக்குக் கடினமன்று.

இறைவனைப் புகழ்ந்துவிட்டு அவர் மூட்டையைக் கட்டினார். குராசான் சாலைக்குச் செல்லும் ‘பாபுல் ஹல்பா’ வாயிலை அடைந்தார். வாடகை வாகனக்காரர் சுமையுடன் முன்னே சென்றுவிட, வழிக்குத் தேவையான உணவுப் பொருள்களை வாங்கிக்கொள்ள ஒரு மளிகைக் கடையின் முன் நின்றார். கடைக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் ஒரு மார்க்கச் சட்டப் பிரச்சினையைப் பேசிக்கொண்டிருந்தார். சத்தியம் செய்பவர் உடனடியாக ‘இன்ஷா அல்லாஹ்’ என்று சேர்த்துக் கூறினால் அச்சத்தியம் அவரைக் கட்டுப்படுத்தாது. ஓராண்டு கழித்துக் கூறினாலும் அது செல்லும் என்றொரு கருத்து இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் பெயரால் சொல்லப்படுவதுண்டு. பிரசங்கியார் ஒருவர் அதை எடுத்துக் கூறக் கேட்ட கடைக்காரருக்கு மனம் ஒப்பவில்லை. அய்யூப் நபி (அலை) தம் மனைவியை அடிப்பதாகச் சத்தியம் செய்துவிட்டபோது, சத்தியமும் முறியாமல் அப்பெண்ணும் வருந்தாமல் இருக்க, ஒரு பிடிப் புல்லை எடுத்து அடிக்குமாறு இறைவன் கட்டளையிட்டான். காலம் கடந்து ‘இன்ஷா அல்லாஹ்’ கூறுவது போதுமென்றால், அதையே கூறுமாறு சொல்லியிருக்கலாமே, புல்லுக்கட்டு எதற்கு? இதுவே அவருடைய வாதம்.

மராகி திகைத்து நின்றார். பருப்பும் பேரீச்சையும் நிறுத்து விற்பவரே இத்தகைய நுண்ணறிவு பெற்றிருக்கும் ஊரை விட்டுவிட்டு மராகாவுக்குப் போவதா? வாகனக்காரரைத் தேடி ஓடி, வாடகைப் பேச்சை முறித்து, மூட்டையை மீட்டுக்கொண்டு நகருக்குள் திரும்பினார். மரணம் வரை பாக்தாதிலேயே இருந்தார்.

இச்செய்தியை அறிஞர் பலர் பாக்தாதின் புகழுக்குச் சான்றாக மட்டுமே எடுத்தாளுகின்றனர். அதன் மறுபக்கத்தையும் நாம் நோக்க வேண்டும். கடிதங்களைப் படித்துவிட்ட பின்பும் அம்மனிதர் திரும்பவில்லை. வீட்டின் இழப்புகள் அனைத்தையும் அறிந்த நிலையில்தான் அவர் அந்நகரைத் தேர்ந்தார். மராகாவில் அவரை எதிர்பார்த்திருந்தவர்கள் எவரேனும் எஞ்சியிருந்தால், அவர்கள் இக்கதையை வேறுவிதமாகவே சொல்லியிருப்பார்கள்.

பாக்தாதில் ஓதினார் என்றாலே நிழாமிய்யா மதரஸாவில் ஓதினார் எனப் பொருள் கொள்வது நம் எழுத்தாளர்களிடம் ஊறிவிட்ட வழக்கம். ஸல்ஜூக் பேரரசின் அமைச்சர் நிழாமுல் முல்க் எழுப்பிய அம்மதரஸா 1067இல் திறக்கப்பட்டது. முதல் பேராசிரியராக அமர்த்தப்பட்ட அபூ இஸ்ஹாக் ஷீராஸி, அக்கட்டடத்தின் நிலமும் பொருளும் முறைகேடாகப் பெறப்பட்டவை என்று கேள்விப்பட்டுத் திறப்பு நாளன்று வராமலே இருந்துவிட்டார். இப்னுஸ் ஸப்பாக் என்பவர் இருபது நாள்கள் பாடம் நடத்திய பின்னரே ஷீராஸி இணங்கினார். பேரமைச்சரின் பொருளும் அறிஞரின் பேணுதலும் முதல் நாளிலேயே முட்டிக்கொண்டன. மேலும் அது ஷாஃபிஈ மத்ஹபினருக்கென வக்ஃபு செய்யப்பட்டது. மாலிகியான இப்னுல் அரபிக்கும் ஹன்பலியான வேறொரு மாணவருக்கும் நகரம் முழுவதுமே கல்விக்கூடமாக இருந்தது. பள்ளிவாசல் தூணடியிலும், ஆசிரியரின் வீட்டுத் திண்ணையிலும், ரிபாத் எனப்படும் ஸூபிகளின் தங்குமிடங்களிலும் அவர்கள் ஓதினார்கள்.

அந்த வேறொரு மாணவரைத் தமிழ் முஸ்லிம்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ரபீஉல் ஆகிர் மாதம் தோறும் நம் ஊர்களில் மௌலிது ஓதி நினைவுகூரப்படும் முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களே அவர். காஸ்பியன் கடலோரத்து கீலான் பகுதியிலிருந்து 1095இல் (ஹிஜ்ரி 488) பாக்தாதுக்குள் நுழைந்தபோது அவருக்கு வயது பதினெட்டு. தாயார் சட்டையில் வைத்துத் தைத்த நாற்பது பொற்காசுகளும், வழிமறித்த கள்வரிடம் அவர் மெய் உரைத்ததும் நம் சிறுவர்கள்கூட அறிந்தவை. அக்காசுகள் தீர்ந்த பின் நிகழ்ந்தவற்றை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆற்றங்கரையில் எறியப்பட்ட கீரை இலைகளைப் பொறுக்கி உண்டதை அவரே பிற்காலத்தில் கூறியதாக வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். சென்ற இடமெல்லாம் தமக்கு முன்பே வேறு ஏழைகள் நின்றுகொண்டிருப்பார்கள் என்றும், அவர்களுடன் போட்டியிட வெட்கப்பட்டுத் திரும்பிவிடுவதாகவும் அவர் சொன்னார்.

இவ்வாறு பசியால் தளர்ந்த ஒரு நாளில் நறுமணச் செடி விற்போர் கடைத்தெருவிலிருந்த பள்ளிவாசலுக்குள் சென்று ஒரு மூலையில் அமர்ந்தார். பாரசீக இளைஞர் ஒருவர் ரொட்டியும் பொரித்த இறைச்சியும் கொண்டுவந்து உண்ணத் தொடங்கினார். அவர் ஒவ்வொரு கவளத்தையும் எடுக்கும்போது பசியின் மிகுதியால் தம் வாய் தானாகத் திறந்துகொள்ளப் பார்த்ததாக ஜீலானி நினைவுகூர்ந்தார். இளைஞர் கண்டு அழைத்தார். இவர் மறுத்தார். அவர் வற்புறுத்தவே சிறிது உண்டார். பேச்சினிடையே, எந்த ஊர் என்று கேட்ட இளைஞர், கீலான் என்றதும், அப்துல் காதிர் என்ற மாணவரைத் தெரியுமா என வினவினார். தாமே அவர் என்று இவர் சொன்னவுடன் இளைஞரின் முகம் வெளுத்தது. ஜீலானியின் தாயார் மகனுக்கென எட்டு தீனார்களை அவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். பாக்தாதில் தேடியும் ஆள் அகப்படவில்லை. அதற்குள் அவருடைய கைப்பொருளும் தீர்ந்தது. மூன்று நாள் பட்டினிக்குப் பின், வேறு வழியின்றி, அடைக்கலப் பொருளில் கைவைத்து வாங்கியதே அந்த ரொட்டியும் இறைச்சியும். இதுவரை நீர் என் விருந்தினர், இனி நானே உம் விருந்தினன் என்ற கருத்துப்பட அவர் பேசினார். ஜீலானி அவரை ஆறுதல்படுத்தி, மீதி உணவையும் சிறிது பொன்னையும் அவருக்கே கொடுத்தனுப்பினார். அமானிதம் பற்றிய பாடமாக இதைச் சொல்வோர் உண்டு. பல நூறு கல் தொலைவிலிருந்து ஒரு விதவைத் தாய் அனுப்பும் பணம், முகவரி இல்லாத மகனைத் தேடி ஒரு மாநகரில் அலைந்த கதையாகவும் இதைக் காணலாம்.

இப்னுல் அரபியும் ஜீலானியும் ஒரே காலத்தில் அந்நகரில் இருந்தவர்கள்; ஆசிரியர்கள் இருவர் அவர்களுக்குப் பொதுவானவர்கள். ஒருவர், இலக்கிய ஆசிரியர் யஹ்யா அத்திப்ரீஸி (மறைவு 1109). இவரும் ஒருகாலத்தில் தொலைதூர மாணவரே. அஸ்ஹரியின் ‘தஹ்தீபுல் லுகா’ என்னும் பேரகராதியின் படி ஒன்று இளமையில் இவருக்குக் கிடைத்தது. அதை அறிஞர் ஒருவரிடம் ஓதிச் சரிபார்க்க விரும்பியபோது, சிரியாவின் மஅர்ரத்துன் நுஃமான் ஊரில் வாழ்ந்த பார்வையற்ற கவிஞர் அபுல் அலா அல்மஅர்ரியிடம் செல்லுமாறு கூறினர். வாகனத்துக்கு வழியில்லை. தொகுதிகளைப் பையிலிட்டு முதுகில் சுமந்து தப்ரீஸிலிருந்து நடந்தார். முதுகின் வியர்வை பைக்குள் ஊறி ஏடுகளை நனைத்தது. பாக்தாதின் வக்ஃபு நூலகம் ஒன்றில் இருந்த அப்படியைக் காண்போர், அது நீரில் மூழ்கி எடுக்கப்பட்டதோ என ஐயுறுவர் என்று இப்னு கல்லிகான் எழுதுகிறார்.

மற்றவர், ஹன்பலி அறிஞர் இப்னு அகீல் (மறைவு 1119). ரொட்டியை மென்று உண்ண ஆகும் நேரம் வீணாவதாகக் கருதி, உலர்ந்த பணியாரத்தை நீரில் கரைத்து விழுங்கியவர் என்று இவரைப் பற்றிச் சொல்வர். அடிமைப் பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தை உரிமையில் தாயைச் சார்வது ஏன் என்ற கேள்விக்கு இவர் சொன்ன விடையை இப்னுல் அரபி தம் நூலில் பாதுகாத்துள்ளார். ஒருவன் பிறர் நிலத்தில் பேரீச்சம்பழம் உண்டு கொட்டையைப் போட்டுவிட்டுச் செல்ல, அது மரமானால் நிலத்துக்குடையவனுக்கே அம்மரம் சொந்தம் என்பதே அவ்விடை. இன்று அச்சட்டத்துக்கு வேலை இல்லை. ஆயினும் மாலிகி மாணவர் ஒருவர் ஹன்பலி இமாமின் வாதத்தை அப்படியே மனத்தில் ஏந்தி அந்தலூசியா வரை கொண்டு சென்றார் என்பது கருதத்தக்கது. அவர் சட்டம் பயின்ற ஃபக்ருல் இஸ்லாம் ஷாஷியோ ஷாஃபிஈ மத்ஹபினர். தம் சொந்த ஊரில் மாலிகிக் கருத்தன்றி வேறெதையும் கேட்டிராத இளைஞருக்கு, எதிர்க்கருத்தை அதை நம்புபவர் வாயாலேயே கேட்கும் வாய்ப்பை இந்நகரே முதன்முதலில் பெருமளவில் தந்தது.

இப்னுல் அரபி புறப்பட்ட சூழ்நிலை ஜீலானியின் சூழ்நிலைக்கு முற்றிலும் மாறானது. அவருடைய தந்தை அப்துல்லாஹ், இஷ்பீலியாவின் மன்னர் முஃதமித் இப்னு அப்பாதின் அரசவையில் செல்வாக்குடன் விளங்கியவர். 1091இல் மொரோக்கோவின் முராபித்துகள் அந்நகரைக் கைப்பற்றி முஃதமிதைச் சிறைகொண்டு சென்றனர். அடுத்த ஆண்டு தந்தையும், பதினாறு வயது நிரம்பிய மகனும் கிழக்கு நோக்கிக் கப்பலேறினர். ஹஜ்ஜும் கல்வியும் நோக்கங்கள் என்பது உண்மையே. ஊரில் இருப்பதற்கு இடமில்லாமற் போனதும் உண்மையே.

பர்கா கரைக்கருகே கப்பல் உடைந்தது. கல்லறையிலிருந்து எழும் பிணங்களைப் போலக் கரையேறி, பனூ கஅப் குலத்தாரின் கூடாரங்களை அடைந்தனர். குலத்தலைவர் அப்போது சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார். கிழிந்த கோலத்தில் நின்ற சிறுவன் ஆட்டத்தைக் கவனித்துக் காய் நகர்த்தல் பற்றி ஏதோ சொல்ல, அது சரியாக இருக்கவே, தலைவரின் பார்வை அவர்கள் மீது திரும்பியது. உடையும் உணவும் கிடைத்தன. அறிவை விட அறியாமைக்கே நெருக்கமான அந்த அற்பக் கலையே தங்களை அழிவிலிருந்து காத்தது என்று இப்னுல் அரபி பின்னாளில் வியந்தார். இத்தகைய நேர்மையைப் பயண நூல்களில் அடிக்கடி காண இயலாது.

எகிப்தைக் கடந்து பைத்துல் முகத்தஸை அடைந்ததும் மகன் அங்கேயே ஊன்றிக்கொண்டார். ஹஜ்ஜுக்குச் செல்வதென்றால் தந்தை செல்லலாம், இவ்வூரார் அறிந்தவற்றையெல்லாம் தாம் அறியும் வரை நகர்வதில்லை என்று அவர் உறுதியாக நின்றார். மூன்றாண்டுகளுக்கு மேல் அங்கே கழிந்தன. தம் நாட்டவரான தர்தூஷியிடம் ஓதியதும், யூத, கிறிஸ்தவ அறிஞர்களின் வாதங்களைக் கேட்டதும் அங்கேதான். பின்னர் திமிஷ்க் வழியாக 1096இல் (ஹிஜ்ரி 489) பாக்தாதை அடைந்தார். அவ்வாண்டே ஹஜ்ஜை நிறைவேற்றி மீண்டும் பாக்தாதுக்கே வந்தார்.

அது அமைதியான நகரமன்று. 1092இல் நிழாமுல் முல்க் கொலையுண்டார். அடுத்த சில வாரங்களில் சுல்தான் மலிக்ஷா இறந்தார். அவருடைய புதல்வர்களும் உறவினரும் அரியணைக்குப் போரிட, பாக்தாதின் ஜும்ஆ உரையில் வாசிக்கப்படும் சுல்தானின் பெயர் அடிக்கடி மாறியது. நிழாமிய்யாவின் பேராசிரியராகப் புகழின் உச்சியிலிருந்த இமாம் கஸ்ஸாலி 1095 நவம்பரில் பதவியைத் துறந்து வெளியேறியிருந்தார். நானூறு தலைப்பாகைகள் சூழப் பாக்தாதில் பாடம் நடத்தக் கண்ட அதே கஸ்ஸாலியை, ஒட்டுப்போட்ட ஆடையும் கைத்தடியுமாகப் பாலைவெளியில் கண்டு தாம் கேள்வி கேட்டதாக இப்னுல் அரபியின் பெயரால் ஒரு கதை வழங்குகிறது. நம் மேடைகளிலும் அது ஒலிப்பதுண்டு. ஆண்டுக் கணக்கு அதற்கு இடந்தரவில்லை. கஸ்ஸாலி வெளியேறிய பின்னரே இவர் அந்நகருக்குள் நுழைந்தார். அந்த நானூறு பேர் கூடிய அவையை இவர் கண்டிருக்க முடியாது.

உண்மையில் நிகழ்ந்த சந்திப்பு அக்கதையிலும் சிறந்தது. 1097இல் கஸ்ஸாலி பாக்தாதுக்குத் திரும்பி வந்து சிறிது காலம் தங்கினார். தங்கிய இடம், நிழாமிய்யாவுக்கு நேர் எதிரே இருந்த அபூ ஸஅதின் ரிபாத். தாம் துறந்த பேராசிரியப் பதவியின் வாயிலை அன்றாடம் எதிரில் கண்டவாறு அவர் ஸூபியாக அமர்ந்திருந்தார். இருபத்தொரு வயது இப்னுல் அரபி அங்கே சென்று, மனத்தில் தேக்கி வைத்திருந்த ஐயங்களையெல்லாம் கேட்டார். ‘இஹ்யா’வை அதன் ஆசிரியரிடமே கேட்டறிந்தார். ஆயினும் அடங்கிப்போன மாணவராக அவர் மாறிவிடவில்லை. தம் ஆசிரியர் தத்துவவாதிகளின் உள்ளே புகுந்தவர், முழுமையாக வெளிவர இயலாதவர் என்ற விமர்சனத்தைப் பிற்காலத்தில் அவரே முன்வைத்தார். பேரன்புடனும் அச்சமின்றியும் அதைச் சொல்லும் துணிவை, எதிர்வாதம் செய்வதையே கல்வியாகக் கொண்ட அந்நகரம் அவருக்கு ஊட்டியிருக்க வேண்டும்.

மகன் ஓதிக்கொண்டிருக்க, தந்தை வேறொரு பணியில் ஈடுபட்டிருந்தார். அப்பாஸியக் கலீஃபா முஸ்தழ்ஹிரிடம் விண்ணப்பித்து, முராபித்து ஆட்சியாளர் யூசுஃப் இப்னு தாஷ்ஃபீனின் ஆட்சியை ஏற்கும் ஆணையை 1098இல் பெற்றார். கஸ்ஸாலியிடமிருந்தும் யூசுஃபுக்கு ஆதரவான தீர்ப்பும் மடலும் கிடைத்தன. தம் பழைய மன்னரை வீழ்த்திச் சிறையில் மாளவைத்தவருக்கே இக்குடும்பம் சான்றிதழ் வாங்கித் தந்தது. இதைச் சந்தர்ப்பவாதம் எனச் சிலர் கருதலாம். ஊரை இழந்தவர்களுக்கு ஊர் திரும்பும் அனுமதிச் சீட்டு அதுவே என்று கருதுவதுதான் பொருத்தம். மராகியிடம் பூட்டிய பெட்டி நிறைய வந்த கடிதங்கள் இருந்தன; இவர்களிடமோ கொண்டு செல்ல வேண்டிய கடிதங்கள் இருந்தன.

திரும்பும் வழி முன்பு வந்த வழியாக இருக்கவில்லை. 1098இல் சிலுவைப் போராளிகள் அந்தாக்கியாவையும், அவ்வாண்டின் இறுதியில் திப்ரீஸி நடந்து சென்ற மஅர்ராவையும் பிடித்தனர். 1099 ஜூலையில் பைத்துல் முகத்தஸ் வீழ்ந்தது. தாம் ஓதிய அந்நகரின் படுகொலையைப் பற்றி இப்னுல் அரபி எழுதியவை சில வரிகளே. அல்அக்ஸாவில் தனித்திருந்து வணங்கிய பெண்கள் தம் இடத்தை விட்டு நீங்காமல் அங்கேயே உயிர்நீத்ததையும், ஷீராஸைச் சேர்ந்த கற்றறிந்த பெண்மணி ஒருவர் சங்கிலிக் குவிமாடத்தில் கொல்லப்பட்டவர்களுள் இருந்ததையும் அவர் குறிப்பிடுகிறார். ஒரு நகரத்தின் அழிவை, அங்கே ஓதியவருக்கு மட்டுமே நினைவிருக்கக்கூடிய முகங்களைக் கொண்டு அவர் பதிவு செய்தார். அவ்வாண்டின் இறுதியில் தந்தை அலெக்ஸாந்திரியாவில் காலமானார். 1102இல் (ஹிஜ்ரி 495) மகன் தனியே இஷ்பீலியாவுக்குள் நுழைந்தார்.

கிழக்கே சென்று வந்தவர்களுள் இவ்வளவு கல்வியை எவரும் கொண்டுவந்ததில்லை என்று அவருடைய மாணவரும் வரலாற்றாசிரியருமான இப்னு பஷ்குவால் எழுதினார். மாணவர்கள் திரண்டனர். ஆனால் 1109இல், யூசுஃபின் மகன் அலீயின் ஆட்சியில், குர்துபா காழி இப்னு ஹம்தீனின் முன்முயற்சியால் ‘இஹ்யா’ தீக்கிரையாக்கப்பட்டது. எந்த அரசுக்கு ஆதரவாகக் கஸ்ஸாலியின் மடலை இக்குடும்பம் வாங்கி வந்ததோ, அந்த அரசே அவருடைய நூலை எரித்தது. பின்னாளில் இப்னுல் அரபி இஷ்பீலியாவின் காழியாகி, தவறிழைத்தோரிடம் கடுமை காட்டினார். நகர மதிலைப் பழுதுபார்க்கப் பொருளில்லாத நிலையில் குர்பானித் தோல்களைத் தருமாறு மக்களை வற்புறுத்தினார் என்றும் சொல்வர். கொதித்தெழுந்த கூட்டம் அவர் வீட்டைச் சூறையாடியது, நூல்களும் பறிபோயின. பயணத்தைப் பற்றி அவர் விரிவாக எழுதிய நூலும் நமக்குக் கிட்டவில்லை. ‘கானூனுத் தஃவீல்’ என்ற வேறொரு நூலின் தொடக்கத்தில் அவர் சுருக்கித் தந்தவையும், ‘அஹ்காமுல் குர்ஆன்’ போன்றவற்றில் பாடத்தின் நடுவே உதிர்த்தவையுமே எஞ்சின. மராகியின் கடிதப் பெட்டியும் பாபுல் ஹல்பாவின் மளிகைக் கடையும் அவ்வாறு உதிர்ந்தவற்றுள் அடங்கும்.

1147இல் முவஹ்ஹிதுகள் இஷ்பீலியாவைக் கைப்பற்றினர். புதிய ஆட்சியாளரைக் காண நகரத்தார் மர்ராக்குஷுக்கு அனுப்பிய தூதுக்குழுவில், எழுபது வயதைக் கடந்துவிட்ட இப்னுல் அரபியும் சென்றார். அங்கே ஓராண்டளவு தடுத்து வைக்கப்பட்டனர். விடுவிக்கப்பட்டுத் திரும்பும் வழியில், 1148இல், ஃபாஸ் நகருக்கு அருகே அவர் காலமானார். உடல் ஃபாஸுக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது.